மூக்குக்கு ஒரு செக் ஷீட்

சைனஸ் ஆபரேஷன் முடிந்து வீடு வந்த அன்று என் மனைவி கேட்ட முதல் கேள்வி: "ஏங்க, ரசம் வாசனை தெரியுதா?"

தெரியவில்லை. இரண்டு வருடமாகவே எந்த வாசனையும் தெரியாது. அதற்காகத்தானே மூக்கை டாக்டர் கையில் கொடுத்தேன்?

"வாசனை திரும்பி வரும் சார். ஆனா தினம் மூணு வேளை மூக்கைக் கழுவணும். கழுவலைன்னா உள்ளே பொருக்கு கட்டி ஒட்டிக்கும். அப்புறம் மறுபடி டேபிள்ல படுக்கணும்" என்று சொல்லி அனுப்பியிருந்தார். காய்ச்சி ஆறவைத்த தண்ணீர், உப்பு பாக்கெட், அமுக்கினால் பீய்ச்சும் ஒரு பாட்டில். ஒரு துவாரத்தில் விட்டால் மறு துவாரத்தில் வருமாம்.

வரும் என்பது அவர் நம்பிக்கை. நடுவில் மூளைப் பக்கம் திரும்பிவிட்டால்...? ஓசூர் ஃபேக்டரியில் இருபது வருடமாக, மெஷினைக் குளிரவைக்கும் கூலன்ட் லைன் பார்க்கிறவன் நான். பைப்பில் விட்டது ஒழுகாமல் போய்ச் சேர்ந்ததாக சரித்திரமே இல்லை.

ஆனாலும் ஃபேக்டரிக்காரன் ஆயிற்றே. பாத்ரூம் கதவில் ஒரு செக் ஷீட் ஒட்டினேன். தேதி, காலை, மதியம், இரவு. வேளை தவறாமல் பாட்டிலோடு உள்ளே போவேன். வாஷ்பேசினைக் கழுவுவேன். நாலு முறை செருமுவேன். வெளியே வந்து டிக் அடிப்பேன். ஆடிட் வருகிற வாரம் ஒரு மாத ஷீட்டை ஒரே மூச்சில் டிக் அடிக்கிறவர்களுக்கு இதெல்லாம் புதிதா என்ன?

மனசாட்சி? அதற்கும் இன்டர்நெட்டில் மருந்து கிடைத்தது. வெளிநாட்டில் ஆபரேஷனுக்குப் பிறகு வெந்நீரூற்றுத் தண்ணீரில் மூக்கைக் கழுவுகிறார்களாம் – தெர்மல் மினரல் வாட்டர். அப்படியிருக்க, சாதாரணக் குழாய்த் தண்ணீரைக் காய்ச்சி இந்த மூக்கில் விடுவதா? நல்ல தண்ணீர் கிடைக்கட்டும், கழுவிக்கொள்ளலாம்.

நலம் விசாரிக்க வந்த நசீர் பாயிடம் இதைச் சொன்னேன். பாகலூரில் போர்வெல் மோட்டார் கடை வைத்திருப்பவர்.

"இதுக்கு எதுக்கு சார் வெளிநாடு? நம்ம போர்ல ஆயிரத்து இருநூறு அடியில இருந்து வெதுவெதுன்னுதான் வருது. மினரலா? பக்கெட்டைப் பாருங்க, வெள்ளையா படிஞ்சு கெடக்கு. ஒரு கேன் அனுப்பட்டுமா?"

"வேணாம் பாய்" என்றாள் மனைவி. "காய்ச்சாத தண்ணி மூக்குல படவே கூடாதுன்னு டாக்டர் சொல்லியிருக்காரு. இவருதான் மூணு வேளையும் ஒழுங்கா கழுவுறாரே."

எனக்குப் புரையேறியது.

பத்தாம் நாள் செக்கப். டாக்டர் பெங்களூரிலிருந்து வருகிறவர்; கொஞ்சம் கன்னடம் கலந்துதான் பேசுவார். "சுவல்ப தலையைச் சாய்ங்க சார்" என்று கேமராக் குழாயை உள்ளே விட்டார். ஸ்கிரீனில் தெரிந்தது என் மூக்கா, கெலமங்கலம் ரோட்டோரத்தில் காய்ந்து வெடித்த சேறா?

"கழுவினீங்களா?"

நான் வாயைத் திறக்கும் முன் மனைவி செக் ஷீட்டை எடுத்து நீட்டினாள். இருபத்தெட்டு டிக். கூடவே உப்பு பாக்கெட் டப்பா. சீல் பிரிக்கவில்லை.

"இன்னைக்குக் காலையிலதான் கண்ணுல பட்டுச்சு டாக்டர். டிக் மட்டும் கரெக்டா இருக்கு."

வேறு வழியின்றி வெந்நீரூற்றுக் கதையை அவிழ்த்துவிட்டேன். டாக்டர் பொறுமையாகக் கேட்டார்.

"நல்ல தண்ணியாவே இருக்கட்டும் சார். எந்தத் தண்ணியும் மூக்குக்குள்ள போனாத்தானே வேலை செய்யும்? ஒட்ட ஆரம்பிச்சிருக்கு. இன்னும் ஒரு வாரம் விட்டிருந்தா மறுபடி டேபிள்தான்."

பிறகு குறடு மாதிரி ஒன்றை எடுத்தார். அடுத்த பத்து நிமிடத்தைப் பற்றி எழுத மாட்டேன். உங்களில் சிலர் சாப்பிட்டுக்கொண்டே படிப்பீர்கள். கடைசியில் நர்ஸம்மா அதே மாதிரி ஒரு பாட்டிலை மூக்கில் வைத்து அமுக்கினார். ஒரு துவாரத்தில் போனது... மறு துவாரத்தில் வந்தது. மூளை நனையவில்லை. நனைய அங்கே என்ன இருக்கிறது என்று கேட்டது மனைவியின் முகம்.

கண்ணைத் துடைத்துக்கொண்டு ஆஸ்பத்திரி பாத்ரூமுக்குப் போனேன். கதவில் ஒரு க்ளீனிங் சார்ட். அப்போது மணி காலை பதினொன்று. சார்ட்டில் மாலை ஆறு மணி வரை டிக், கையெழுத்தோடு. அட, நம்ம ஆள் என்று சிரித்துக்கொண்டே கதவைத் திறந்தேன்.

குப்பென்று அடித்தது.

இரண்டு வருடத்தில் முதல் வாசனை. யாரும் செய்யாத காரியம் ஒன்று செய்தேன் – அங்கேயே நின்று இன்னொரு முறை ஆழமாக இழுத்தேன்.

வீட்டில் இப்போது கழுவுவது நான், டிக் அடிப்பது அவள்.