தகப்பன் முகத்தில் நீலம்

முதல் அடி காதுக்குக் கீழ விழுந்தது. இரண்டாவதுக்கு நான் கையைப் பிடிச்சிட்டன். அறுபத்தெட்டு வயசெண்டாலும் நானும் லேசுப்பட்ட ஆளில்லை; அவன்ர சேட்டுக் கொலரில பிடிச்சு என்ர ஸ்ரூடியோ மேசையோட சேர்த்து இடிச்சன்.

அவன் சம்பூர்ப் பக்கத்து மீன்பிடிகாரன், முப்பது வயசிருக்கும். தகப்பன் கடலில மூழ்கிச் செத்து ஒரு மாதம். அடுத்த நாள் முப்பத்தோராம் நாள் கிரியை. மாலை போடுறதுக்கும், வாறவைக்குக் குடுக்கிற, செத்தவரின்ர நினைவுக் கல்வெட்டுப் புத்தகத்தின்ர அட்டைக்கும் படம் கேட்டவன். ஒரு கலியாணப் படத்திலயிருந்து முகத்தைப் பெருப்பிச்சு, நிறம் திருத்தி, சட்டமும் கண்ணாடியும் போட்டு வைச்சிருந்தனான். சுத்தியிருந்த கடதாசியைக் கிழிச்சான், பாத்தான், அடிச்சான்.

"இது அப்பா இல்லையடா! நான் தண்ணிக்குள்ளயிருந்து தூக்கின பிணமடா இது! இந்த நீல முகத்தை மறக்கத்தானேடா படம் கேட்டனான்!"

"வாயைப் பொத்தடா! நாப்பது வருசமா இந்தத் துறைமுகத்தடியில கமரா பிடிக்கிறன். பழுது உன்ர கண்ணில!"

படத்தைத் தூக்கி நிலத்தில அடிச்சான். கண்ணாடி சிதறி அவன்ர கையை வெட்டிச்சுது. பின்பக்கக் குசினியிலயிருந்து என்ர மனுசி ஓடி வந்தா. அவனைப் பாக்கேல்லை, படத்தைத்தான் பாத்தா. "ஐயோ, என்னப்பா, முகமெல்லாம் நீலம் பாரிச்சுக் கிடக்கு."

நீயுமோ எண்டு அவவுக்கும் கை ஓங்கினன். சொல்ல வெக்கமாத்தான் கிடக்கு, ஆனா ஓங்கினன்.

"அடியுங்கோ. அடிச்சிட்டுச் சொல்லுங்கோ, அந்தச் சுவர் என்ன நிறம்?"

"கிறீம்."

"பொங்கலுக்கு வெள்ளை அடிச்சது. நிண்டு அடிப்பிச்சதே நீங்கள்தான்."

கை தானா இறங்கிச்சுது. கண்ணில புரை எண்டு போன வருசம் டொக்டர் சொன்னவர். அவரையும் ஏசிப்போட்டு வந்தனான். எல்லாம் மஞ்சளாத் தெரியத் தெரிய, படத்தில இருக்கிற சேட்டு எனக்கு வெள்ளையாத் தெரியிற வரைக்கும் நீலத்தை ஊத்தியிருக்கிறன். எத்தினை பொம்பிளை மாப்பிள்ளையின்ர முகங்களுக்கு ஊத்தினனோ! குறை சொன்னவையை ரசனை கெட்ட சனமெண்டு திட்டிக் கலைச்சனான்.

நாலு மணிக்கு முந்தி அச்சகத்துக்குப் படம் போகவேணும். கதிரையை இழுத்து கொம்பியூட்டருக்கு முன்னால போட்டன். "தம்பி, இதில இரும். எனக்கு ஏலாது. நீர் சொல்லும், நான் நிறத்தைக் கூட்டிக் குறைக்கிறன்." அடி வாங்கினதை விட அதைச் சொன்னதுதான் நொந்தது.

கண்ணாடி வெட்டின கையோட இருந்தான். மேசையெல்லாம் ரத்தம்.

"நீலத்தைக் குறையுங்கோ. இன்னும். அவர் வெயிலில நிண்ட மனுசன். இன்னும் குறையுங்கோ எண்டுறன்!"

குறைச்சன். எனக்கு அந்த முகம் மஞ்சளாகிக்கொண்டே போச்சுது. அவனைத் தள்ளி விழுத்திப்போட்டு எல்லாத்தையும் திருப்பி மாத்தவேணும்போல இருந்துது.

"நிப்பாட்டுங்கோ!" எண்டு கத்தினான். பிறகு மேசை விளிம்பில நெத்தியை அடிச்சு, "அப்பா, அப்பா" எண்டு குழறத் தொடங்கினான்.

நானும் உத்துப் பாத்தன். எனக்குத் தெரிஞ்சது செங்கமாரி பிடிச்சு மஞ்சளாப் போன ஆரோ ஒரு மனுசன். அழுறவனைப் பாத்துத்தான் அது அவன்ர தகப்பன் எண்டு நம்பினன்.