சுங்கை பட்டாணி சாலையில் நின்று நின்று போன லோரி

ஜப்பான்காரன் காலத்தில், சயாம் ரயில் பாதை வேலைக்குத் தோட்டம் தோட்டமாக ஆள் பிடித்துக்கொண்டிருந்தபோது நடந்தது இது. லூனாஸ் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் நான் லோரி டிரைவர். டிரைவர் என்று பெயர்தான். பழைய டிரைவரையும் சயாமுக்குக் கொண்டுபோய்விட்டதால், வண்டியில் கூடப் போய் ஓட்டப் பழகியிருந்த என்னைப் பிடித்து உட்காரவைத்துவிட்டார்கள். ஓட்டத் தெரியும். வண்டிக்கு ஏதாவது வந்தால் பார்க்கத் தெரியாது.

அன்று காலை பிரட்டில் பேர் கொடுக்க நின்றவர்களில் திடமான ஆட்களாகப் பார்த்துப் பிரித்து லோரியில் ஏற்றினார்கள். லூனாஸ் கடைத்தெருவில் பிடித்த சிலரையும் கொண்டுவந்து ஏற்றிக் கிளம்புவதற்குள் பிற்பகலாகிவிட்டது. சுங்கை பட்டாணி ரயில் நிலையத்தில் நான் அவர்களைக் கொண்டுபோய் விடவேண்டும். மூன்று மாதத்தில் திரும்பலாம் என்று சொல்லியிருந்தார்கள். போனவர்கள் ஒருவரும் திரும்பாதது எங்களுக்குத் தெரியும். லயத்து வீடுகளின் பெண்கள் அழுதுகொண்டே தோட்டத்து வாசல்வரை வண்டிக்குப் பின்னால் ஓடிவந்தார்கள்.

என் பக்கத்தில் ஒரு ஜப்பான் சிப்பாய். பின்னால் துப்பாக்கியோடு இன்னொருவன்.

பாடாங் செராய் தாண்டியதும் வண்டி நின்றது. அப்போதெல்லாம் பெட்ரோல் ஏது? ரப்பரைக் காய்ச்சி எடுத்த நாற்றம் பிடித்த எண்ணெயில்தான் ஓட்டினோம். அதுதான் அடைத்துக்கொண்டது என்று நினைத்தேன். டாங்கி மூடியைத் திறந்து எண்ணெய் இருக்கிறதா என்று பார்த்தேன். குழாயைக் கழற்றி வாயால் ஊதினேன். வண்டி கிளம்பியது. இரண்டு மைல் போவதற்குள் மறுபடி நின்றது. மறுபடி பார்த்தேன், ஊதினேன், கிளம்பியது. மறுபடி நின்றது.

வேண்டுமென்றே நிறுத்துகிறேன் என்று சிப்பாய் முடிவு கட்டிவிட்டான். "பாகெரோ!" என்று அவன் பாஷையில் திட்டி, துப்பாக்கிக் கட்டையால் என் தோளில் இடித்தான். அடுத்த முறை நின்றபோது என்னை இழுத்துப் போட்டு ரோட்டோரம் மண்டியிட வைத்தான். கத்தியை உருவி, என் கழுத்தைக் காட்டி, தன் கழுத்தில் விரலால் கோடு இழுத்தான்.

பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. இரண்டு பக்கமும் ரப்பர் காடு. இருட்டிவிட்டால் இரண்டு சிப்பாய்களால் எத்தனை பேரைத் துரத்த முடியும்? வண்டியில் இருந்த எல்லோர் மனசிலும் அதுதான் ஓடியிருக்கும்.

கடைத்தெருவில் பிடித்த ஒருவர் எழுந்து, தான் வண்டிப் பட்டறை வேலைக்காரன் என்று சிப்பாய்க்குச் சைகை காட்டினார். எங்கள் தோட்டத்து ஆள் ஒருவர் அவர் கையைப் பிடித்து இழுத்தார்.

"எறங்காதீங்கண்ணே. வண்டி இங்கயே கெடந்தாதான் நாம பொழைக்கலாம்."

"அந்தப் பையன வெட்டிப்புடுவான்யா. பாத்துக்கிட்டு உக்காரச் சொல்றியா?"

இறங்கி வந்து என்னைத் தூக்கி நிறுத்தினார். "தம்பி, பட்டுன்னு நிக்குதா, இழுத்து இழுத்து நிக்குதா?"

"இழுத்து இழுத்துண்ணே."

"அப்ப எண்ணெய் வரல. நின்னப்புறம் என்னா செஞ்ச?"

சொன்னேன். அவர் எஞ்சின் மூடியைத் திறக்கவே இல்லை. நேராகப் போய் டாங்கி மூடியைத் திருகினார். உஸ்ஸென்று காற்றை உள்ளே இழுக்கும் சத்தம் எனக்கும் கேட்டது. பழைய மூடி தொலைந்துபோய், யாரோ ஒரு தகர மூடியை ரப்பர் வளையம் வைத்து இறுக்கியிருந்தார்கள்.

"காத்து உள்ள போக வழியில்லலா. எண்ணெய் எப்படி எறங்கும்? நீ ஒவ்வொரு தடவையும் மூடியத் தொறந்ததாலதான் ஓடியிருக்கு. ஊதுனதால இல்ல."

வண்டிப் பலகையிலிருந்து ஆணி ஒன்றைப் பிடுங்கி, கல்லால் அடித்து மூடியில் ஓட்டை போட்டார். அவ்வளவுதான், எஞ்சின் பிடித்துக்கொண்டது. சிப்பாய் கத்தியை உறையில் போட்டான். அவர் சட்டையில் கையைத் துடைத்துக்கொண்டு, தானாகவே பின்னால் ஏறி உட்கார்ந்தார். கையைப் பிடித்து இழுத்தவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

அதன் பிறகு லோரி ஓர் இடத்திலும் நிற்கவில்லை. நிற்காதா, நிற்காதா என்று இருந்தது எனக்கு. நின்றால் என் கழுத்து போகும் என்று தெரிந்தும் அப்படித்தான் இருந்தது.

நிலையத்தில் இறங்கும்போது அவர் என் கதவருகே வந்தார். "ஓட்டையில மண்ணு அடைக்காம பாத்துக்க தம்பி" என்றார். பெயரைக் கேட்க வாயெடுத்தேன். சிப்பாய் அவரை நெட்டித் தள்ளிக்கொண்டு போனான்.

சண்டை முடிந்து, எலும்பும் தோலுமாகச் சிலர் சயாமிலிருந்து திரும்பினார்கள். நான் பலமுறை சுங்கை பட்டாணிக்குப் போய் ரயிலில் வந்தவர்களிடம் விசாரித்தேன். பட்டறைக்காரர் வரவில்லை. முகத்தைத் திருப்பிக்கொண்டவரும் வரவில்லை. அவருடைய மனைவி கடைசிவரை எங்கள் லயத்தில்தான் இருந்தாள்; என்னைக் கண்டால் வேறு வழியாகப் போய்விடுவாள்.

ஒரு மனிதர் என் உயிரைக் காப்பாற்றினார் என்று பிள்ளைகளிடம் பெருமையாகச் சொல்ல எத்தனையோ முறை ஆரம்பித்திருக்கிறேன். அன்று அந்த லோரி நின்றே போயிருந்தால் எத்தனை வீடுகளில் விளக்கு எரிந்திருக்கும் என்ற நினைப்பு வந்ததும், பாதியிலேயே பேச்சை விட்டுவிடுகிறேன்.