இரண்டாவது வாஷர்

மயக்க மருந்து மெஷினைப் பார்த்துக்கொள்ளும் வேலையில் நல்ல பெயர் வாங்கவே முடியாது. ஒன்றும் நடக்காத நாளில் அப்படி ஒருவன் இருப்பதே யாருக்கும் தெரியாது. அறுபதுகளில் திருகோணமலையில் ஒப்பரேஷன் தியேட்டரில் அந்த வேலை பார்த்தவன் நான். உங்களில் இப்படிப் பின்னால் நிற்கிற வேலை பார்த்தவர்களுக்கு என் பாடு புரியும்.

முதல் மூச்சு

காலையில் குழாயின் வாயை உள்ளங்கையால் பொத்தி, றப்பர்ப் பையை அமுக்குவேன். பை தளர்ந்தால் எங்கோ காற்றுப் போகிறது என்று அர்த்தம். பிறகு முகமூடியை என் மூக்கிலேயே வைத்து ஒட்சிசனை இழுத்துப் பார்ப்பேன். குடலிறக்க ஒப்பரேஷனுக்கு வந்திருந்த, சல்லிக் கிராமத்தில் சங்கு குளிக்கிறவர் ஒருவர் மேசையில் ஏறாமல் நின்று இதையே பார்த்தார்.

"தம்பி, இன்னும் ரெண்டு மூச்சு இழுங்கோ. நீங்கள் விழாட்டி நான் படுக்கிறன்."

வடிவான சிலிண்டர்கள்

எங்கள் கடற்காற்றுக்குத் தப்பிய இரும்பு கிடையாது. ஒட்சிசன் சிலிண்டர் கறுப்பு, மயக்க வாயு நீலம். கொழும்பிலிருந்து பெரிய டொக்டர் பார்வையிட வருகிறார் என்று எங்கள் ஸ்டோர்கீப்பர் துருவை மேலோட்டமாகத் தேய்த்து, எல்லாவற்றுக்கும் ஒரே பச்சை பெயின்ற் அடித்துவிட்டார். எது எந்த வாயு என்று இனி யாருக்கும் தெரியாது. ஒவ்வொன்றாகச் சுரண்டி, அடியில் தெரிந்த நிறத்தைப் பார்த்துச் சோக்கட்டியால் பெயர் எழுதினேன். கடைசி நாலைந்தை மட்டும், பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று, சுரண்டாமலே 'ஒட்சிசன்' என்று எழுதிவிட்டேன். அவை ஒட்சிசன் வரிசையில்தானே நின்றன. ஸ்டோர்கீப்பருக்குச் சரியான மனத்தாங்கல்.

"இவ்வளவு வடிவா அடிச்சுத் தந்தன், நீங்கள் சுரண்டிப்போட்டு நிக்கிறியள்."

இரண்டு முளைகள்

அடுத்த கிழமை கிண்ணியாவிலிருந்து வந்த முஸ்லிம் பெண் ஒருவருக்கு வயிற்றைக் கீறிப் பிள்ளை எடுக்க வேண்டியிருந்தது. நடுவில் ஒட்சிசன் மானியின் முள் இறங்கியது, சிலிண்டர் தீர்ந்துகொண்டிருந்தது. நான் பெயர் எழுதிய சிலிண்டர் ஒன்றைத் தூக்கிப் பொருத்தினேன், உட்காரவில்லை. சிலிண்டர் பூட்டும் இடத்தில் மெஷினில் இரண்டு சிறிய இரும்பு முளைகள் இருக்கும். உரிய வாயுவின் சிலிண்டரில் மட்டுமே அவற்றுக்கு நேரான துளைகள் உண்டு. இது தெரிந்தும், உப்புத் துருதான் தடுக்கிறது என்று எண்ணி, சிலிண்டருக்கும் மெஷினுக்கும் இடையில் ஒரு வாஷர் வளையம் வைத்தேன். அப்போதும் உட்காரவில்லை. இன்னொன்று வைத்தால் முளைகள் சிலிண்டரை எட்டா. எந்தச் சிலிண்டரும் உட்காரும்.

இரண்டாவது வாஷர் கையில் இருந்தபோது அந்த பஸ் ஞாபகம் வந்தது. ஸ்பானரால் பச்சையைச் சுரண்டினேன். அடியில் நீலம். பூட்டியிருந்தால் தாயும் பிள்ளையும் ஒட்சிசன் இல்லாமல் போயிருப்பார்கள். அடுத்ததைச் சுரண்டி, கறுப்பைக் கண்ட பிறகே பூட்டினேன். கொஞ்ச நேரத்தில் பிள்ளை அழுதது.

வெளியே நின்ற கணவரிடம் நான் எதையும் மறைக்கவில்லை.

"உங்களோட எனக்குக் கோவந்தான். ஆனா அந்த முளையை வெச்ச மனிசனுக்கு நான் துஆ கேப்பன்."

ஆக, என் உத்தியோக காலத்தில் நான் செய்த மிகப் பெரிய சேவை, ஒரு வாஷரைப் போடாமல் கையிலேயே வைத்திருந்ததுதான்.