எந்த ஊர் ராகுகாலம்

2024 மார்ச் 9, சனிக்கிழமை. காலை 6.10க்கு எழுந்தேன். வெளியே தூறல். சீனி போடாத தேநீர். ஏழு மணிக்கு உடுப்புக் கூடையோடு கட்டடத்தின் நிலவறைக்கு இறங்கி, இரண்டு இயந்திரங்களில் போட்டேன். 8.20க்கு மடித்து மேலே கொண்டுவந்தேன். கோயிலில் தந்த நாட்காட்டியைப் பார்த்தேன். ரொறன்ரோ நேரத்துக்குக் கணித்து அச்சடித்தது அது. ராகுகாலம் 9.34 முதல் 11.00 வரை. அதை நாட்குறிப்பில் எழுதிவிட்டு, கைப்பேசியையும் கடவுச்சீட்டையும் முன்னால் வைத்துக்கொண்டு சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்தேன்.

இங்கே காலை ஒன்பது என்றால் என் அண்ணை இருக்கும் டுபாயில் மாலை ஆறு. குளிர்காலத்தில் எங்களுக்கிடையே ஒன்பது மணித்தியாலம், கோடையில் எட்டு. அன்று ஆறு மணிக்கு அந்த நகரத்தின் ஓரத்தில், பாலைவனத்துக்குள் கட்டி முடித்த ஒரு மாடிக் கட்டடத்தின் கடைசிச் சின்ன வீடுகளை விற்கத் தொடங்குவார்கள். அண்ணை நாலு மணியிலிருந்தே விற்பனை மண்டபத்தில் நின்றார்.

அவருக்கு அந்த ஜூனில் அறுபது முடிய இருந்தது. முப்பத்தொரு வருடமாக அங்கே ஒரு ஹோட்டலின் சலவைப் பகுதியில் வேலை. அறுபதுக்குப் பிறகு விசாவை நீட்டமாட்டோம் என்று சொல்லிவிட்டார்கள். சொந்தமாக வீடு இருந்தால் அதைக் காட்டி அங்கேயே இருக்கலாம். கனடாவுக்கு வர இரண்டு தடவை விண்ணப்பித்தார், இரண்டு தடவையும் மறுத்தார்கள். கலியாணம் செய்யவில்லை. ஊரில் எங்களுக்கு யாரும் மிச்சமில்லை. அவருடைய கூட்டாளிகள், சீட்டு விளையாட்டு, கடன் சொல்லிக் குடிக்கும் தேநீர்க்கடை எல்லாம் அந்த ஊரில்தான். ரொறன்ரோவின் மல்வேர்ன் பகுதியில் இருந்த என் வீட்டை விற்ற பணத்தோடு அவருடைய சேமிப்பையும் சேர்த்து, இருவர் பெயரிலும் ஒன்று வாங்குவதென்று முடிவெடுத்தோம். அதனால் அவர் அங்கேயும் நான் இங்கேயும் கையெழுத்து வைக்க வேண்டும்.

இது எங்கள் மூன்றாவது முயற்சி. முதல் தடவை அவருடைய முறை வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. இரண்டாம் தடவை யாரோ ஒருவர் ஒரு மாடியையே மொத்தமாக எடுத்துக்கொண்டு போனார். ஒரு வாரத்துக்கு முன் இந்தக் கட்டடத்தைப் பார்க்கப் போய், அங்கிருந்து வீடியோவில் அழைத்தார். ஒரு பக்கம் கண்ணாடிக் கட்டடம். மற்றப் பக்கம் மணல், மணலில் எல்லைக்கு நட்ட கொடிகள், கொடிக்குப் பின்னால் மேலும் மணல்.

"நான் வந்த புதுசில உந்த மணலைச் சும்மா தாறன் எண்டாலும் வேண்டாம் எண்டிருப்பன். இப்ப பார், ஒரு பிடிக்கு அடிபடுறாங்கள்," என்று சிரித்தார்.

9.08க்கு அழைத்தார். பின்னால் ஒரே இரைச்சல்.

"கிடைச்சிட்டுது பிள்ளை! பதினொராம் மாடி. நான் கையெழுத்துப் போட்டிட்டன். உனக்கு அனுப்பியிருக்கினம், டக்கெண்டு போடு."

ஒப்பந்தம் இருபத்துநாலு பக்கம். நான் மருந்து பொதிசெய்யும் தொழிற்சாலையில் லேபல் சரிபார்ப்பவள். வாசிக்காத தாளில் என் பெயர் விழாது. வாசித்தேன்.

"இன்னும் வாசிக்கிறியே? பரீட்சையே வைக்கப் போறாங்கள்?"

"பதினெட்டாம் பக்கம் அண்ணை. ஒரு நிமிசம்."

9.31க்கு முடித்தேன். அடுத்ததாகக் கைப்பேசித் திரை கடவுச்சீட்டைப் படம் எடுத்து அனுப்பச் சொன்னது. மேசை விளக்கின் வெளிச்சம் அதில் விழுந்ததால் முதல் படம் சரிவரவில்லை. விளக்கை அணைத்துவிட்டு மறுபடியும் எடுத்தேன். கையெழுத்துப் பெட்டி திரையில் வந்தபோது மணி 9.35.

விரலைத் திரைக்கு மேலே வைத்துக்கொண்டிருந்தேன்.

"அண்ணை, ராகுகாலம் தொடங்கிட்டுது."

"என்ன?"

"ஒரு நிமிசம் பிந்திட்டுது. பதினொரு மணிக்குப் போடட்டே?"

"எந்த ஊர் ராகுகாலம்? இஞ்ச பொழுது பட்டிட்டுதடி! வீடு இஞ்ச, மணல் இஞ்ச, உனக்கு உங்கத்தை ராகுகாலமோ?"

"கையெழுத்து இஞ்சதானே அண்ணை விழுது."

அவர் யாரிடமோ ஆங்கிலத்தில், என் தங்கச்சி கனடாவில் இருக்கிறாள், கொஞ்ச நேரம் தாருங்கள் என்று சொல்வது எனக்குக் கேட்டது.

மல்வேர்ன் வீட்டுக்கு நானும் என் கணவரும் கையெழுத்து வைத்தது ஒரு வியாழக்கிழமை பின்னேரம். ஆறு பேர் அந்த வீட்டுக்குப் போட்டியிட்டதால் நாளும் பார்க்கவில்லை, நேரமும் பார்க்கவில்லை. இரண்டாவது குளிர்காலத்தில், வாசலில் பனி வழித்துக்கொண்டிருந்தவர் அப்படியே விழுந்து இறந்துபோனார். அதற்கும் இதற்கும் தொடர்பில்லை என்று எனக்குத் தெரியும். ஆனாலும் பழைய நாட்காட்டியைத் தேடி எடுத்து அந்த வியாழக்கிழமையின் ராகுகாலத்தைப் பார்த்தேன். அதற்குள்தான் கையெழுத்து வைத்திருந்தோம். அன்றிலிருந்து எதற்கும் பார்ப்பேன்.

9.52க்கு அண்ணை சொன்னார்: "வித்திட்டினம் பிள்ளை. பின்னால நிண்ட ஆளுக்குக் குடுத்திட்டினம்."

நான் கடவுச்சீட்டை மூடி வைத்தேன்.

"பரவாயில்லை, விடு. நீ காலமை ஏதும் சாப்பிட்டியே?"

"ஓம்," என்றேன். சாப்பிட்டிருக்கவில்லை.

அதற்குப் பிறகு எங்களுக்கு எட்டும் விலையில் அங்கே ஒன்றும் வரவில்லை. ஜூன் கடைசியில், முப்பத்தொரு வருடத்தை இரண்டு பெட்டிகளில் அடைத்துக்கொண்டு அண்ணை விமானம் ஏறினார். இப்போது இலங்கையில், வவுனியாவில், முன்பின் தெரியாதவர்களின் வீட்டில் ஒரு அறையில் வாடகைக்கு இருக்கிறார். சீட்டு விளையாட ஆளில்லை என்று ஒருதடவை மட்டும் சொன்னார். அந்த மார்ச் மாதத்தைப் பற்றி இன்றுவரை ஒரு வார்த்தை பேசியதில்லை. பேசியிருந்தால் எனக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும்.

அன்றைய குறிப்பில் மிச்சமாக இருப்பது இவ்வளவுதான்: 11.00, ராகுகாலம் முடிந்தது. 11.05, உடுப்பை அலுமாரியில் அடுக்கினேன். பகல் பருப்பும் சோறும், பாதி மிச்சம். பின்னேரம் வெளியே போகவில்லை. இரவு 9.30, படுக்கை.

அடுத்த நாள் மார்ச் 10, கோடை நேரம் தொடங்கும் ஞாயிற்றுக்கிழமை. எழுந்ததும் முதல் வேலையாகக் கதிரையில் ஏறி, அடுப்படிச் சுவர்க் கடிகாரத்தை ஒரு மணித்தியாலம் முன்னுக்குத் தள்ளி வைத்தேன். அண்ணைக்கும் எனக்கும் இடையே இனி எட்டு மணித்தியாலம்.