ரேகை வைக்க மாட்டேன்

"பாய், பாப்பாவுக்குக் கையெழுத்துப் போட வராதுல்ல?" என்று வங்கி அதிகாரி என் அத்தாவிடம் கேட்டார். பாப்பா நான்தான். வயது இருபத்து மூன்று, எம்.ஏ. முடித்தவள். அவருக்கு நேர் எதிரே உட்கார்ந்திருந்தேன். பத்தாம் வகுப்பில் பார்வை போனது. காது போகவில்லை.

இராமநாதபுரத்தில் வேலை கிடைத்திருந்தது. சம்பளம் போட அந்த வங்கியில் என் பெயரில் கணக்கு வேண்டும். தொண்டியிலிருந்து காலை பஸ்ஸில் வந்திருந்தோம்.

பார்வையில்லாதவர்கள் பெருவிரல் ரேகைதான் வைக்க வேண்டும், அத்தாவையும் சேர்த்துக் கூட்டுக் கணக்கு, ஏடிஎம் அட்டை கிடையாது என்று அதிகாரி அடுக்கினார். எல்லாம் அத்தாவிடம்தான். ஸ்டாம்ப் பேடைத் திறந்து என் பக்கம் தள்ளினார். எங்கள் பக்கத்தில் ஒருவரை மட்டந்தட்ட 'கைநாட்டு' என்று சொன்னால் போதும். பேடை மூடித் திருப்பித் தள்ளினேன்.

பையிலிருந்து என் கையெழுத்து அட்டையை எடுத்தேன். பழைய கல்யாணப் பத்திரிகையில் கையெழுத்து அளவுக்குப் பிளேடால் ஒரு சன்னல் வெட்டி வைத்திருந்தேன். அதை வைத்துக்கொண்டால் பேனா கட்டத்தைத் தாண்டாது. வெற்றுத்தாளில் மூன்று தடவை போட்டுக் காட்டினேன். நாளைக்குக் கையெழுத்து மாறினால் யார் பொறுப்பு என்று அதிகாரி அத்தாவிடம் கேட்டார். வரிசையில் நின்ற ஒரு பெண், கண் தெரியாட்டியும் வாய்க்குக் குறைச்சல் இல்லை என்றாள். இரண்டு பேர் சிரித்தார்கள்.

அத்தா என் முழங்கையைப் பிடித்தார். "வச்சுட்டு வாம்மா, பஸ்ஸு போயிரும்."

அந்த நிமிடம் அதிகாரியைவிட அத்தா மேல்தான் எனக்கு ஆத்திரம்.

"முடியாதுன்னா அதை எழுதிக் குடுங்க சார். கீழ நீங்க கையெழுத்துப் போட்டுக் குடுங்க."

அதெல்லாம் எழுத முடியாது என்று அதையும் அத்தாவிடமே சொன்னார். போனை எடுத்து மேலிடத்துக்குப் புகார் தட்டத் தொடங்கினேன். தட்டுவதையெல்லாம் என் போன் வாய்விட்டு வாசிக்கும். எப்போதும் இயர்போன் மாட்டிக்கொள்வேன். அன்று வேண்டுமென்றே மாட்டவில்லை. கிளை, தேதி, நேரம், 'கையெழுத்துப் போடத் தெரிந்தவரை ரேகை வைக்கச் சொன்னார்' என்று அந்த உயிரில்லாத குரல் ஹால் முழுக்க ஒலித்தது. சிரிப்பு நின்றது.

"அனுப்பவா சார்?"

விண்ணப்பம் மேசையில் வந்து விழுந்தது. கட்டம் எங்கே என்று கேட்டேன். அத்தா என் கையை நகர்த்த வந்தார். கையை எடுங்க என்று எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னேன். கடைசியில் அதிகாரி என் அட்டையின் ஓரத்தைப் பிடித்து நகர்த்தி, அன்றைக்கு முதல் தடவையாக என்னிடம் பேசினார்.

"இன்னும் கொஞ்சம் கீழ. ஆங், இங்கதான்."

போட்டேன். என் பெயரில் மட்டும் கணக்கு. ஏடிஎம் அட்டைக்கு மேனேஜரைப் பார்க்க வேண்டும், திங்கட்கிழமை வாருங்கள் என்றார். அதனால் புகாரை நான் அனுப்பவும் இல்லை, அழிக்கவும் இல்லை.

வாசல் படியில் அத்தா நின்றுவிட்டார்.

"நாலு பேருக்கு முன்னால என்னையக் கேவலப்படுத்திட்ட. திங்கக்கெழம நான் வரல, பாத்துக்க."

"வராதீங்கத்தா" என்றேன். "எனக்குப் பஸ்ஸு தெரியும்."