கோராவின் கடைசி ஆப்பிள் பை

சர்ச் சமையற்கட்டில் ஆர்டிஸ் வைத்ததுதான் சட்டம். மேற்கு மிச்சிகனின் அந்தச் சிற்றூரில் யாரை அடக்கம் செய்தாலும், முடிந்து வருபவர்களுக்கு ஹாம் என்ற பன்றியிறைச்சி வைத்த பன்னும், மாவுக்குள் பழம் வைத்துச் சுட்ட பை என்ற பலகாரமும், காப்பியும் உண்டு. எவ்வளவு கூட்டம் வந்தாலும் குறையக் கூடாது. அவள் பொறுப்பில் ஒருநாளும் குறைந்ததில்லை. பாதிரியாரே அவளைக் கேட்டுக்கொண்டுதான் இரண்டாவது காப்பி எடுப்பார். அந்தப் பெருமை அவளுக்கு நிறையவே இருந்தது.

பக்கத்து வீட்டு கோரா ஜனவரியில் இறந்தபோது, கொட்டும் பனியிலும் ஊரே திரண்டு வந்துவிட்டது. பை பற்றாது போலிருந்தது. ஆர்டிஸ் யோசிக்கவே இல்லை. கோரா இலையுதிர் காலத்தில் ஆப்பிள் பைகளைச் செய்து, சுடாமலே ஃப்ரீசரில் அடுக்கி வைத்து, சர்ச்சுக்கு வேண்டும்போதெல்லாம் எடுத்துக் கொடுப்பாள். அந்த வீட்டுச் சாவி ஆர்டிஸிடம் இருந்தது. போனாள், இருந்ததையெல்லாம் அள்ளி வந்தாள், சுட்டு வெட்டிப் பரிமாறினாள். எல்லோரும் வயிறார உண்டார்கள். அவளைப் பாராட்டவும் செய்தார்கள்.

சில நாள் கழித்து, கோராவின் கணவன் ஹார்லன் வாசலில் பனியைத் தள்ளிக்கொண்டிருந்தான். ஆர்டிஸும் அவனும் பள்ளிக்கூடத்துக் காலத்திலிருந்தே வாடா போடீ என்று பேசுகிறவர்கள்.

"ஃப்ரீசரைத் திறக்கவே மனசு வரலை" என்றான். "அவ செஞ்ச பை உள்ள இருக்கு. ஏப்ரல்ல எங்க கல்யாண நாள் வருது. அன்னைக்குச் சுட்டுக்கலாம்னு இருக்கேன். ஒண்ணாவது இருக்கும்ல?"

"இருக்கும்டா" என்றாள் ஆர்டிஸ். வாய் முந்திக்கொண்டது.

அன்றிலிருந்து அவளுக்குச் சோறு தண்ணீர் இறங்கவில்லை. அவன் முடி வெட்டிக்கொள்ளப் போயிருந்த நாளாகப் பார்த்து, தானே ஒரு பை செய்தாள். கோரா வாங்குகிற அதே புளிப்பு ஆப்பிள். மேலே தூவ மாவையும் வெண்ணெயையும் பழுப்புச் சர்க்கரையையும் விரலால் பிசறி, பட்டாணி அளவுக்கு உதிரி உதிரியாக வரும்வரை விடவில்லை. அதைச் சுடாமலே கொண்டுபோய் அந்த ஃப்ரீசரில் வைத்தபோது திருடியைப் போல உணர்ந்தாள். திருடிதானே.

ஏப்ரலில் ஹார்லன் அவளையும் சாப்பிடக் கூப்பிட்டான். ஒரு வாய் போட்டுக் கண்ணை மூடி ருசித்தான்.

"கோரா கை கோரா கைதான். நீயும் பை செய்யறியே, காகித அட்டை மாதிரி."

இன்னொரு வாய் போட்டுக்கொண்டு தொடர்ந்தான்.

"மிச்சத்தை ஃப்ரீசர்ல வச்சு, ஞாயித்துக்கிழமைக்கு ஒரு துண்டா சாப்பிடுவேன். அவ கூட உக்காந்து சாப்பிடற மாதிரி இருக்குடீ."

அதை அவளால் தாங்க முடியவில்லை.

"ஹார்லன், இது நான் செஞ்சது."

அவன் சிரித்தான். அவள் சிரிக்கவில்லை. சாவியிலிருந்து தொடங்கி எல்லாவற்றையும் சொன்னாள்.

"எல்லாத்தையுமா எடுத்தே?"

"எல்லாத்தையும்."

"அன்னைக்கு நான் ஒண்ணுமே சாப்பிடலை ஆர்டிஸ். வாசல்ல நின்னு வந்தவங்களுக்குக் கை குடுத்துக்கிட்டே இருந்தேன்."

"தெரியும். உனக்குன்னு ஒரு துண்டு எடுத்துத்தான் வச்சேன்." "நீ வரலை. பாத்திரம் கழுவுறப்போ பசிச்சுது. நானே தின்னுட்டேன்."

ஹார்லன் முள்கரண்டியைக் கீழே வைத்தான். போ வெளியே என்று சொல்லியிருந்தால் கோட்டை எடுத்துக்கொண்டு போயிருப்பாள். அவன் சொல்லவில்லை. மேசைவிரிப்பைத் தடவியபடி கேட்டான்.

"அந்தத் துண்டு எப்படி இருந்துச்சு?"

பொய் ஒன்று நாக்கு நுனிவரை வந்தது. விழுங்கினாள்.

"நின்ன வாக்குல அள்ளிப் போட்டுக்கிட்டேன்டா. எப்படி இருந்துச்சுன்னே ஞாபகம் இல்லை."