ஆதிமூலத்துக்கு வழக்கமாகப் போகும் பார்சல்

பேகோபுரத் தெருவில் பாஞ்சாலையைத் தெரியாதவர்கள் இருக்கலாம். பாஞ்சாலை வைக்கும் மொச்சைக் கத்தரிக்காய்க் குழம்பைத் தெரியாதவர்கள் கிடையாது. அதன் வாசனை தெருக்கோடி வரைக்கும் போகும். அதற்கு மேலும் போகும் என்பாள் அவள். கீழ்பென்னாத்தூர்ப் பக்கத்திலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்தவள். நகை கிடையாது, நிலம் கிடையாது. பெருமை என்று ஒன்றே ஒன்று வைத்திருந்தாள். தன் வீட்டுக்காரர் ஆதிமூலம் தன் கையால் ஆக்கியதைத் தவிர வேறு எதையும் வாயில் வைத்ததில்லை என்பதுதான் அது. குழாயடிக்குப் போனால் அதைச் சொல்லாமல் குடத்தைத் தூக்கி இடுப்பில் வைக்கமாட்டாள்.

அந்தப் பெருமைக்கு ஆதாரமும் உண்டு. கல்யாணமான புதிதில் ஆதிமூலம், மல்லாட்டை மண்டியில் வேர்க்கடலை மூட்டைகளை எடைபோட்டுவிட்டு, பக்கத்து ஓட்டலில் போண்டாவும் வடையுமாகத் தின்று, வயிற்றுப்போக்கு வந்து, பிழைத்ததே பெரிது என்று ஆகிவிட்டது. எழுந்து உட்கார்ந்த அன்றைக்கே பாஞ்சாலை அண்ணாமலையார் படத்துக்கு முன்னால் கற்பூரத்தைக் கொளுத்தி, அவர் உள்ளங்கையாலேயே அணைக்கவைத்து, இனி ஓட்டலில் சாப்பிடுவதில்லை என்று சத்தியம் வாங்கிவிட்டாள். அவர் சாது. சத்தியத்தை மீறுகிற தைரியமெல்லாம் அவருக்கு இல்லை.

எண்பதாம் வருஷம் வாக்கில் செங்கம் ரோட்டில், ஆசிரமத்துக்குக் கொஞ்சம் முன்னால், சீனாக்காரன் ஓட்டல் ஒன்று வந்தது. சீனாக்காரன் யாரும் அதில் இல்லை. தசரதன் என்று ஒரு ஆள். மெட்ராசில் ஒரு சைனீஸ் ஓட்டலில் தட்டுக் கழுவப் போய், அடுப்படி வரைக்கும் முன்னேறி, ஆசிரமத்துக்கு வருகிற வெள்ளைக்காரர்களை நம்பி இங்கே வந்து கடை போட்டான். வாசலில் டிராகன் வரையச் சொன்னான். வரைந்தவர் கோயில் வாகனங்களுக்கு வர்ணம் பூசுகிறவர். அவருக்குத் தெரிந்தது யாளி. பாதி யாளியும் பாதி பல்லியுமாக ஒரு மிருகம் நாக்கை நீட்டிக்கொண்டு போர்டில் நின்றது. இடத்தைக் கொடுத்தவர் பக்திமான். முட்டைகூட உள்ளே வரக்கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். ஆக, முட்டைக்கோசையும் கேரட்டையும் நூடுல்ஸோடு போட்டு வதக்கி மிளகுத்தூள் தூவினால் அதுதான் சீனா. அதை வாழை இலையில் வைத்து, மேலே பேப்பர் சுற்றி, நூல் கட்டி, சாமியார்களோடு தங்கியிருக்கிற வெள்ளைக்காரர்களின் அறைக்குத் தசரதனே சைக்கிளில் கொண்டுபோய்க் கொடுப்பான்.

ஊருக்கு இதெல்லாம் தெரியுமா? உள்ளே தவளை வேகிறது, பாம்பு உரிக்கிறார்கள் என்று பேச்சு. அந்தப் பேச்சை அதிகம் பேசியது பாஞ்சாலைதான். நீளநீளமாக வழுக்கிக்கொண்டு கிடக்கிறதே, அது மண்புழு இல்லாமல் வேறென்ன என்று குழாயடியில் கேட்பாள்.

அந்தக் காலத்தில்தான் ஆதிமூலத்துக்குப் பக்தி வந்தது. வெள்ளிக்கிழமை தோறும் சாயங்காலம் மண்டி விட்டதும் ஆசிரமத்துக்குத் தியானத்துக்குப் போனார். நெற்றி நிறைய விபூதியோடு திரும்புவார். ராத்திரி சோறு அவ்வளவாக இறங்காது. மனசு நிறைஞ்சிருக்குது பாஞ்சாலை, என்பார். அவளுக்கு அதுவும் பெருமையாயிற்று. குழாயடியில் சொல்ல இப்போது இரண்டு விஷயங்கள் இருந்தன.

எண்பத்து மூன்றாம் வருஷம் தை மாசக் கடைசியில் அவருக்கு நெஞ்சுவலி வந்தது. பெரியாஸ்பத்திரியில் வைத்துப் பார்த்துவிட்டு, உப்பைக் குறை, கட்டிலை விட்டு இறங்காதே என்று அனுப்பிவிட்டார்கள். பாஞ்சாலை கஞ்சியும் கையுமாக இருந்தாள். ஒரு வெள்ளிக்கிழமை கதவு தட்டுகிற சத்தம் கேட்டுப் போனால், சைக்கிளைப் பிடித்துக்கொண்டு ஒரு ஆள், கையில் வாழை இலைப் பொட்டலம்.

"அண்ணன் வரவே இல்லியேன்னு விசாரிச்சேன். ஒடம்பு சரியில்லன்னாங்க. அதான் நானே எடுத்தாந்துட்டேன்" என்றான் தசரதன்.

வீடு மாறி வந்துவிட்டான் என்றுதான் அவள் நினைத்தாள். எந்த அண்ணன் என்று கேட்டாள். மண்டியில எடை போடற ஆதிமூலம் அண்ணன், வெள்ளிக்கிழம தவறாம செங்கம் ரோட்டு ஓட்டல்ல எங்கிட்ட பார்சல் வாங்குவாரே என்றான். பொட்டலம் சூடாக இருந்தது. வாங்கிக்கொண்டு கதவைச் சாத்தினாள். கொல்லைப்பக்கமாகப் போய் எதிர்வீட்டு நாய்க்குக் கொட்டினாள். நாய் ஒரு இழையையும் விடவில்லை என்பதில் அவளுக்கு இன்னும் கொஞ்சம் ஆத்திரம்.

உள்ளே வந்தபோது ஆதிமூலம் மூக்கை லேசாகத் தூக்கினாற்போல இருந்தது. யார் வந்தது என்று கேட்டார். கரண்டு பில்லுக்காரன் என்றாள். அவர் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டார். அவரும் மேலே கேட்கவில்லை, அவளும் மேலே சொல்லவில்லை. கேட்காமல் இருந்தால் நடக்காத மாதிரிதானே? அடுத்த வெள்ளிக்கிழமை வருவதற்குள் அவர் போய்விட்டார்.

கருமாதி அன்றைக்குத்தான் வினை. பங்காளிகள் எல்லாரும் வந்திருந்தார்கள். ஆதிமூலத்தின் அக்கா கன்னியம்மாள் நான்கு பேர் வேலையை வாயாலேயே செய்துகொண்டிருந்தாள். பாஞ்சாலை அடுப்பண்டை போகக்கூடாது என்று சொன்னதையும் மீறி விடிகாலையிலேயே எழுந்து மொச்சைக் குழம்பை அவளே வைத்தாள். தலைவாழை இலையில் சோறு, குழம்பு, வடை, பாயசம், முருங்கைக்கீரை எல்லாம் படைத்து, மாடிக் கைப்பிடிச் சுவரில் வைத்துக் கா கா என்று கூப்பிட்டார்கள். காக்கை வந்தது. எதிரே கரண்டுக் கம்பத்தில் உட்கார்ந்தது. இலையைப் பார்த்தது. அப்படியே உட்கார்ந்துவிட்டது.

காக்கை தொடாமல் யாரும் சாப்பிட முடியாது. செத்தவருக்கு ஏதோ மனக்குறை என்று அர்த்தம். கன்னியம்மாள் தம்பிக்குப் பிடிக்கும் என்று மைசூர்பாகு வாங்கிவரச் சொல்லி வைத்தாள். ஒரு பங்காளி தன் மடியிலிருந்து பொடிமட்டையை எடுத்து வைத்தார். இன்னொருவர் பீடிக்கட்டை வைத்தார். ஆதிமூலம் பீடி பிடித்ததே இல்லை என்று பாஞ்சாலை சொன்னதற்கு, உனக்குத் தெரிஞ்சு பிடிச்சதில்ல என்றார். யாரோ பிராந்திகூட வைத்துவிட்டார்கள். இலை பெட்டிக்கடை மாதிரி ஆகிவிட்டது. காக்கை கழுத்தை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சாய்த்துப் பார்த்ததோடு சரி. கீழே பந்தலில் இலை போட்டு உட்கார்ந்த சனங்கள் தண்ணீரையே எத்தனை தரம் குடிப்பார்கள்?

கன்னியம்மாள் கடைசியில் வாயைத் திறந்தாள். "எந்தம்பிக்கு எதுலயோ கொற வெச்சிருக்கற நீ. இல்லன்னா காக்கா இப்படி மொறச்சினு ஒக்காருமா?"

"கொறயெல்லாம் ஒண்ணும் இல்ல அண்ணி."

"அப்ப ஏன் எறங்கல?"

ஏன் இறங்கவில்லை என்று பாஞ்சாலைக்குத் தெரியும். அந்தக் கூட்டத்தில் அவள் ஒருத்திக்குத்தான் தெரியும். யாருக்கும் தெரியாமல் போய் வாங்கிவந்து இலையில் ஒரு ஓரமாக வைத்துவிடலாம் என்றால், தாலி இழந்தவள் அன்றைக்கு வாசற்படி தாண்டக்கூடாது. யாரையாவது அனுப்பித்தான் வாங்கியாக வேண்டும். அனுப்புவதென்றால் சொல்லியாக வேண்டும். சொன்னால், இத்தனை வருஷம் குழாயடியில் கட்டிய கோட்டை அத்தனை பங்காளிகளுக்கும் முன்னால் சரியும். சொல்லாவிட்டால், நாய்க்குக் கொட்டிய அந்தப் பொட்டலத்தின் மேலேயே மனசை வைத்துக்கொண்டு அவர் கம்பத்தில் உட்கார்ந்திருப்பார். காக்கையைப் பார்த்தாள். சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்தாரே, அதே பிடிவாதம்.

மருமகன் ராமதாசைக் கூப்பிட்டாள். அவனிடம் ஒரு மொபெட் இருந்தது.

"மாப்ளே, வண்டிய எடுங்க. செங்கம் ரோட்டுல பல்லி மாதிரி ஒண்ணு வரஞ்ச ஓட்டல் இருக்குது. தசரதன்னு ஆளு. ஆதிமூலத்துக்கு வழக்கமா போற பார்சல் ஒண்ணு கட்டித் தரச் சொல்லுங்க."

கன்னியம்மாள் மெதுவாகக் கேட்டாள்:

"வழக்கமாவா?"

"ஆமா அண்ணி. வழக்கமாதான்."

ராமதாஸ் படியிறங்கி வண்டியை உதைத்தான். அது ஒரு தரம் இருமி, கிளம்பி, தெருமுனை திரும்பியிருக்கும். காக்கை கம்பத்தை விட்டு இறங்கியது. நேரே இலைக்கு வந்தது. மொச்சை ஒன்றைக் கொத்தியது, சோற்றைக் கொத்தியது, வடையைத் தூக்கிக்கொண்டு பறந்துபோனது. பின்னாலேயே அதன் உறவுக் காக்கைக் கூட்டம் மொத்தமும் இறங்கி மைசூர்பாகு வரைக்கும் காலி பண்ணிற்று. பீடியைத்தான் தொடவில்லை.

சொன்ன உடனே ஆத்துமா குளிர்ந்துவிட்டது, பார்த்தீர்களா என்று கன்னியம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பாஞ்சாலைக்கு அப்படித் தோன்றவில்லை. கொஞ்சம் வாயை மூடிக்கொண்டு நின்றிருந்தால் காக்கைக்குத் தானாகப் பசித்திருக்கும் என்றுதான் தோன்றியது. ஆனால் வண்டி போய்விட்டது. பேச்சும் போய்விட்டது. பந்தலில் கீரை பரிமாறுவதற்குள் அந்தச் சங்கதி கடைசி இலைக்கு வந்து சேர்ந்திருந்தது.

பார்சலோடு ராமதாஸ் மட்டும் வரவில்லை. தசரதனும் வண்டியின் பின்னால் உட்கார்ந்து வந்துவிட்டான். அண்ணன் போனது அவனுக்கு அப்போதுதான் தெரியும். கண் கலங்கி நின்றவனைக் கன்னியம்மாள் நிற்கவைத்து விசாரித்தாள். எந்தம்பி உங்கடையில எந்த இடத்துல ஒக்காந்து சாப்புடுவான் என்பதுதான் முதல் கேள்வி.

"அண்ணன் கடைக்குள்ள காலே வெச்சதில்லம்மா" என்றான் தசரதன். "வெளியவே நிப்பாரு. கற்பூரம் அணைச்சு சத்தியம் பண்ணியிருக்கேன், ஓட்டல்ல சாப்புடறதில்ல, நீ கட்டிக் குடுத்துடுப்பாம்பாரு. எதிர்ல மதகு மேல ஒக்காந்து சாப்புட்டுட்டு, கை கழுவிக்கினு, ஆசிரமத்துக்குப் போயிடுவாரு."

பங்காளிகள் சாப்பாட்டை விட்டுவிட்டு இதைப் பிடித்துக்கொண்டார்கள். ஓட்டலில் ஆக்கியதை எங்கே வைத்துத் தின்றால் என்ன, சத்தியம் போனது போனதுதான் என்றார் ஒருவர். சத்தியம் ஓட்டலில் உட்கார்ந்து சாப்பிடுவதைப் பற்றித்தானே, மதகு பஞ்சாயத்துக்குச் சொந்தம், ஓட்டலுக்கா சொந்தம் என்றார் பீடி வைத்தவர். ராமதாஸ் மாமனார் பக்கம் பேசுவதா, மாமியார் பக்கம் பேசுவதா என்று தெரியாமல் இரண்டு பேருக்கும் தலையாட்டினான்.

பாஞ்சாலை பார்சலின் நூலைப் பல்லால் அறுத்தாள். பேப்பரைப் பிரித்தாள், இலையைப் பிரித்தாள். கொஞ்ச நேரம் பார்த்தாள். தவளையைக் காணோம். பிறகு கையாலேயே எடுத்து வாயில் போட்டாள். இன்றைக்குப் போய் இதைத் தின்பாளா என்று கன்னியம்மாள் பதறினாள். பாஞ்சாலை நிதானமாக மென்றாள்.

"முட்டைக்கோசு போட்டிருக்கிறியா?"

"ஆமா அக்கா."

"எங்கிட்ட முட்டைக்கோசு வாயுன்னு சொல்லி இலை ஓரமா ஒதுக்கி வெப்பாரு" என்றாள்.

பார்சல் முழுவதையும் ஒரு இழை விடாமல் தின்று முடித்தாள். கையைக் கழுவிவிட்டு வந்து, உப்பு கம்மி, காரம் அதைவிடக் கம்மி என்றாள். உப்பைக் குறை என்று டாக்டர் சொன்னதற்கு இது ஒன்றுதான் ஒத்துவந்திருக்கும் என்றாள். அப்புறம், வருஷ தெவசத்துக்கு ஒரு பார்சல் வேண்டும், மிளகை ஜாஸ்தியாகப் போட்டு நீயே கொண்டுவந்துவிடு என்று தசரதனிடம் சொல்லிவைத்தாள்.

குழாயடிக்கு அவள் மறுபடி போக ஆரம்பித்தபோது, எல்லாரும் அவள் வாயையே பார்த்தார்கள். சத்தியம் பண்ணின நாளிலிருந்து அவர் எந்த ஓட்டலுக்குள்ளும் கால் வைத்ததில்லை என்றாள். அதில் பொய் ஒன்றும் இல்லாததால் யாராலும் எதிர்த்துப் பேச முடியவில்லை. மண்புழுப் பேச்சை மட்டும் விட்டுவிட்டாள்.

வருஷ தெவசத்தன்று தசரதன் சொன்ன வேளைக்குச் சைக்கிளில் வந்தான். பாஞ்சாலை இலை போட்டு, சோற்றுக்குப் பக்கத்தில் மொச்சைக் குழம்பை நிறைய ஊற்றினாள். பார்சலைப் பிரித்து ஒரு பிடி எடுத்து, இலையின் மேல்மூலையில், ஊறுகாய் வைக்கிற இடத்தில் வைத்தாள். இன்னும் கொஞ்சம் வைக்கக்கூடாதா என்றாள் கன்னியம்மாள். அதற்கு அந்த இடம் போதும் என்றாள் பாஞ்சாலை.

இலையைச் சுவரில் வைத்துக் காக்கையைக் கூப்பிட்டார்கள். கம்பத்திலிருந்து ஒன்று சிறகை விரித்தது. அது வந்து உட்காருவதற்குள் பாஞ்சாலை அத்தனை பேரையும் மாடியிலிருந்து கீழே இறக்கிவிட்டாள். அது எதை முதலில் கொத்துகிறது என்று யாரும் பார்க்க வேண்டியதில்லை என்று சொல்லி, கடைசியாகத் தானும் இறங்கி, மாடிக்கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டாள்.